புரூக்ளினின் இரண்டு கூரைகள்: மண் போட்டதும் கண்ணாடி போட்டதும்

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், பழைய கப்பல் கட்டும் தளத்தின் பதினொரு மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில், 2012இல் புரூக்ளின் கிரேஞ்ச் நிறுவனம் 65,000 சதுர அடிக்கு மண் பரப்பிக் காய்கறி பயிரிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில், அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கோவானஸில் உள்ள ஹோல் ஃபுட்ஸ் அங்காடியின் மேல் காத்தம் கிரீன்ஸ் நிறுவனத்தின் 20,000 சதுர அடிக் கண்ணாடிப் பசுமைக்குடில் திறக்கப்பட்டது. இரண்டையும் மாடி விவசாயம் என்றே அழைக்கிறார்கள். ஆனால் கட்டிடத்துக்கு எது என்ன செய்கிறது என்று பார்த்தால், இவை வேறு வேறு சரக்கு.

மண் கூரையின் உண்மையான விளைச்சல் மழைநீர்தான் என்பேன். நியூயார்க்கின் பெரும்பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுவதால், கனமழையில் அது நிரம்பி, கழிவு நேராக ஆற்றில் கலக்கிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் கேலனுக்கு மேல், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர், மழையைத் தாங்கிக்கொள்ளும் என்ற கணக்கில்தான் இந்தக் கூரைக்கு மாநகரச் சுற்றுச்சூழல் துறை நிதி கொடுத்தது. தக்காளிக்காக அல்ல. மண்ணுக்கு அடியில் இருக்கும் நீர்ப்புகாப் படலம் வெயிலும் உறைபனியும் நேரடியாகப் படாமல் நீண்ட நாள் உழைக்கிறது. கோடையில் மேல்தளமும் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. குறைகள்? எடை குறைந்த கலவை மண்ணானாலும் நனைந்தால் பாரம் பாரம்தான். பழைய தொழிற்சாலைத் தளங்கள் தாங்கும், எல்லா வீடுகளும் தாங்காது. கசிவு வந்துவிட்டால், இடம் கண்டுபிடிக்கவே மண்ணை அள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பசுமைக்குடில் விளைச்சலில் மண் கூரையை எளிதில் வென்றுவிடுகிறது. மண்ணில்லாச் சாகுபடியில், வெளியே பனி கொட்டும்போதும் கீரை பறித்து, கீழே இருக்கும் கடைக்கே இறக்கிவிடலாம். ஆனால் குளிர்காலச் சூடேற்றலுக்கு ஆகும் செலவு ஆண்டுதோறும் வரும், பயிர்வகையோ குறுகியது. கண்ணாடியில் விழும் மழையும், சேமிக்காவிட்டால், வெறும் தார்க்கூரையில் விழுவதுபோலவே குழாய்க்குத்தான் ஓடும். 2012இல் நிலப் பயன்பாட்டு மண்டல விதிகளைத் திருத்தியபோது, குடியிருப்பு இல்லாத கட்டிடங்களில் 25 அடி உயரம் வரையிலான குடில்களை உயர, பரப்பு வரம்புகளிலிருந்து விலக்கிய மாநகரம், மழைநீரைச் சேகரித்துப் பயன்படுத்தும் அமைப்பைக் கட்டாயமாக்கியதை நான் சரியான முடிவாகக் கருதுகிறேன்.

உறுதியான தளமுள்ள பழைய கட்டிடத்துக்கு மண் கூரையையே பரிந்துரைப்பேன். கீழேயே வாங்குவோர் இருக்கும் அங்காடிக்குப் பசுமைக்குடில் பொருந்தும். சாதாரண அடுக்குமாடி வீட்டுக்கு இரண்டும் மிகை. சில அங்குல மண்ணில் சீடம் போன்ற வறட்சி தாங்கும் செடிகளைப் படரவிட்ட மெல்லிய கூரை போதும். அதில் ஒரு இலைகூடச் சமையலுக்கு வராது, ஆனால் பராமரிப்பு மிகக் குறைவு.