பூட்டாத கார் கதவு: பழுது பார்ப்பதா, புதிது போடுவதா?

சாவியை அழுத்தினால் மூன்று கதவுகள் 'டக்' என்று பூட்டிக்கொள்கின்றன. இடது பின்கதவு மட்டும் வாயே திறப்பதில்லை. "ஆக்சுவேட்டர் போய்விட்டது, மாற்றியாக வேண்டும்" என்றார்கள் நான் போன பணிமனையில். கதவுக்குள் இருந்து பூட்டை இயக்கும் சிறு மோட்டார் பெட்டிதான் ஆக்சுவேட்டர். வீட்டுக்கு வந்து, கதவுக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு வயர் அறுந்து கிடந்தது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி நிமிரும் இடம் அது. வயரைப் பற்றவைத்ததும் பூட்டு வேலை செய்தது.

அதனால் முதலில் சோதனை. நான்கு கதவுகளும் ஒன்றாக நின்றுபோனால் ஃபியூஸ், ரிலே பக்கம் பாருங்கள். ஒரு கதவு மட்டும் என்றால் அதன் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள். சாவியை அழுத்தும் கணத்தில் 12 வோல்ட் வந்தும், பிளக்கை மறுபடி மாட்டியபின் அசையாமலோ முனகலோடோ நின்றுவிட்டால்தான் ஆக்சுவேட்டர் மீது பழி.

ஆக்சுவேட்டரைப் பிரித்துக் கரித்தூளைத் துடைத்தோ, உள்ளிருக்கும் சிறு மோட்டாரை மட்டும் மாற்றியோ ஓட்டலாம். செலவு மிகக் குறைவு. ஆனால் ஒட்டி மூடிய பிளாஸ்டிக் கூட்டைப் பிளேடால் அறுக்க வேண்டும். பல்சக்கரம் உடைந்திருந்தால் அது தனியாகக் கிடைப்பது அரிது. எந்த வழியில் போனாலும் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியைக் கழற்றும் கூலி ஒன்றுதான். பழுது பார்த்தது ஆறு மாதத்தில் மறுபடி நின்றால் அந்தக் கூலியை இரண்டாம் முறை அழ வேண்டும்.

சந்தையில் எல்லாக் கார்களுக்கும் பொதுவாக விற்கும் ஆக்சுவேட்டர் சில நூறு ரூபாய்தான். லாட்ச் (கதவைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி) தனி, ஆக்சுவேட்டர் தனி என்று இருக்கும் பழைய கார்களில் பயணிகள் பக்கக் கதவுக்கு அதுவே போதும் என்பேன். இரண்டே வயர், மின்னோட்டத்தின் திசை மாறினால் பூட்டும், திறக்கும். ஆக்சுவேட்டரை லாட்ச்சோடு இணைக்கும் கம்பியைக் கோணலாக மாட்டிவிட்டால் மட்டும் உள்கைப்பிடி இறுகிவிடும். பின்சீட்டில் குழந்தைகள் உட்காரும் காரில் அது ஆபத்து.

ஓட்டுநர் கதவு வேறு கதை. பல கார்களில் அங்கே ஐந்து வயர்கள்; மற்ற கதவுகளுக்குத் தகவல் சொல்லும் சுவிட்சும் அதற்குள்ளேயே இருக்கிறது. தினமும் அதிகம் உழைப்பதும் அந்தக் கதவுதான். அதற்கும், ஆக்சுவேட்டர் லாட்ச்சோடு சேர்ந்தே வரும் புதிய கார்களுக்கும் நிறுவனத்தின் அசல் பாகமே சரி. விலை ஆயிரங்களில் போனாலும். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் பழையது வாங்கலாம், ஆனால் கடையிலேயே பேட்டரியில் கொடுத்து ஓடவிட்டுப் பாருங்கள்.

பேடுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் தாளை முன்புபோல ஒட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் மழைநீர் கால்மிதிக்கு வந்துவிடும். பேடை மாட்டும் முன், கதவைத் திறந்து வைத்தபடியே லாட்ச்சை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடி, பத்து முறை பூட்டித் திறந்து பார்க்க வேண்டும். லாட்ச்சின் திருகுகள் கதவின் விளிம்பில் இருக்கின்றன. சாத்திய கதவு திறக்க மறுத்தால் அவற்றுக்குக் கை எட்டாது.