ஜெர்மனி மாணவர் விசா: பிளாக்டு அக்கவுண்ட் பணத்தை ஆலோசனை நிறுவனத்திடம் கொடுக்காதீர்கள்

என் தம்பியின் பெயரில் ஜெர்மனியில் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லப்பட்ட 11,62,000 ரூபாய் அங்கே ஒருநாளும் இருந்ததில்லை என்பது விசா மறுக்கப்பட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் குடும்பங்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். வழக்குத் தொடுக்க இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். திருச்சியில், நெரிசலான கடைவீதி ஒன்றின் முதல் மாடியில் இயங்கும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். இப்படிப்பட்டவர்களிடம் சிக்காமலிருக்க என்னென்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

தம்பி எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல் முடித்தவன். சாக்சனி மாநிலத்திலுள்ள கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்பெடெட் சிஸ்டம்ஸ் முதுநிலைப் படிப்புக்கு 2025 அக்டோபரில் தொடங்கும் பருவத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது. அந்தச் சேர்க்கைக் கடிதம் உண்மையானது; இன்றைக்கும் கையில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கொரு சிறு தொகை மட்டும் கட்டினால் போதும். ஆலோசனை நிறுவனத்தில் பதிவுக் கட்டணம் என்று 50,000 ரூபாய் வாங்கினார்கள். இந்தியப் பட்டங்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு என்று 45,000 ரூபாய் வாங்கினார்கள். அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பதாரர் நேரடியாகக் கட்ட வேண்டிய தொகை 18,000 ரூபாய் மட்டுமே என்பதும், விசா முன்பதிவுக்குத் தனிக் கட்டணமே கிடையாது என்பதும் பிறகுதான் தெரிந்தன; முன்பதிவு நாள் ‘பிடித்துக் கொடுப்பதற்கு’ 15,000 ரூபாய் தனியாகப் போயிருந்தது. இவற்றையெல்லாம் அதிக விலைக்கு விற்கும் கடைக்காரரின் பேராசை என்று விட்டுவிட முடியும். 11,62,000 ரூபாயை அப்படி விட முடியாது.

ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்பவர், அங்கே முதல் ஓராண்டு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்பதைக் காட்ட வேண்டும். அதற்குப் பெரும்பாலோர் செய்வது பிளாக்டு அக்கவுண்ட். மாதம் 992 யூரோ வீதம் 12 மாதத்துக்கான 11,904 யூரோவை மாணவரின் பெயரில் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். அவர் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மாதந்தோறும் 992 யூரோ மட்டும் அவர் கைக்கு வரும். 2024 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள தொகை இது. இத்தனையையும் எங்களுக்கு விளக்கிச் சொன்னவர் அந்த நிறுவனத்தின் உரிமையாளர்தான்.

அவர் எங்களை நம்பவைத்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நாளைக்கு உங்களிடமும் இதே விதமாகத்தான் பேசுவார்கள். ஜெர்மன் தூதரகத்தின் இணையப் பக்கத்தை எங்கள் கண்ணெதிரில் திறந்து, 11,904 என்ற எண்ணைச் சுட்டிக்காட்டி, “நான் சொல்வதை நம்ப வேண்டாம், அரசாங்கம் சொல்வதைப் படியுங்கள்” என்றார். போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்ற என் தந்தையை, இரண்டாவது சந்திப்பிலேயே “அப்பா” என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். “பணம் எங்கே போகப் போகிறது அப்பா? தம்பி பெயரில்தானே இருக்கப்போகிறது? எனக்கு இதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது” என்றார். வங்கி வழியாக அனுப்பினால் யூரோவுக்கு 101 ரூபாய்க்கு மேல் போட்டுவிடுவார்கள், பத்து லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு 5 விழுக்காடு டி.சி.எஸ். வரி வேறு பிடிப்பார்கள், எங்கள் ‘கார்ப்பரேட் கணக்கு’ வழியாக அனுப்பினால் யூரோ 97 ரூபாய் 60 காசுக்கு முடித்துத் தருகிறேன் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த டி.சி.எஸ். ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய்தான் வந்திருக்கும், அதையும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. மற்றபடி அவர் வாயிலிருந்து வந்த விதிகள், தொகைகள், தேதிகள் எல்லாமே சரியானவை. பொய்யாக இருந்தது பணம் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்.

அம்மாவின் நகைகள் கூட்டுறவு வங்கிக்குப் போயின. அப்பாவின் பணிக்கொடையில் மிச்சமிருந்ததும் என் சேமிப்பும் அதோடு சேர்ந்தன. 11,62,000 ரூபாய் இரண்டு தவணைகளில் அவர் கொடுத்த நடப்புக் கணக்குக்குச் சென்றது. நிறுவனத்தின் பெயரில் இல்லாமல், ஏதோ ஒரு ‘டிரேடர்ஸ்’ பெயரில் அந்தக் கணக்கு இருந்தது. அதுபற்றி நான் கேட்டபோது, “அந்நியச் செலாவணிக்காகத் தனியாக வைத்திருக்கும் கணக்கு மேடம்” என்று தயங்காமல் பதில் வந்தது. ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளும் செலாவணி நிறுவனங்களும் மட்டுமே இப்படி வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்பதும், அதற்கு மாணவரோ பெற்றோரோ தாமே கையெழுத்திட்ட படிவமும் பான் எண்ணும் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாதவை அல்ல.

சில நாட்களில், பிளாக்டு அக்கவுண்ட் வழங்கும் ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் பெயரில், கணக்குத் தொடங்கப்பட்டதற்கான உறுதிச் சான்று மின்னஞ்சலில் வந்தது. தம்பியின் பெயர், கடவுச்சீட்டு எண், 11,904 யூரோ, மாதம் 992 என்று எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. மின்னஞ்சல் முகவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே ‘விண்ணப்ப வேலைகளுக்காக’ என்று தம்பியின் பெயரில் புதிய முகவரி ஒன்றை அவர்களே உருவாக்கி, கடவுச்சொல்லைத் தங்களிடமே வைத்திருந்தார்கள். வரும் கடிதங்களை அவர்கள் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். எனவே அந்த ஜெர்மன் நிறுவனத்துக்கும் தம்பிக்கும் இடையே ஒரு கடிதம்கூட நேரடியாகப் போனதில்லை. அப்படியொரு கடிதப் போக்குவரத்தே நடந்திருக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது.

விசா விண்ணப்பம் அந்தச் சான்றுடன் போயிற்று. மறுப்புக் கடிதம் செப்டம்பரில் வந்தது. நிதி ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆவணம் மெய்யானதல்ல என்பது அதன் சாரம். தம்பி தன் சொந்த முகவரியிலிருந்து அந்த ஜெர்மன் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டான். இந்தப் பெயரிலோ இந்தக் கடவுச்சீட்டு எண்ணிலோ தங்களிடம் கணக்கு எதுவும் இல்லை என்று மறுநாளே பதில் அனுப்பினார்கள். ஒரு மின்னஞ்சலில் தெரிந்துகொள்ளக்கூடிய செய்தி இது. முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் கட்டணமின்றி மறுபரிசீலனை கேட்க வழி இருந்தது; 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அதை நிறுத்திவிட்டது. இனி ஒன்று புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். அக்டோபரில் வகுப்பு தொடங்கவிருக்க, இரண்டில் எதற்கும் நேரமில்லை. போலி ஆவணம் கொடுத்தவன் என்ற பதிவு அடுத்த விண்ணப்பத்திலும் என் தம்பியைத்தான் துரத்தும். ஒருவேளை தூதரகத்தில் யாரும் கவனிக்காமல் விசா கிடைத்திருந்தாலும், அங்கே போனபின் குடியிருப்பு அனுமதிக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் இதே நிதி ஆதாரத்தைக் காட்டும்போது அவன் தனியாக அகப்பட்டிருப்பான். அதை நினைக்கும்போது உடல் நடுங்குகிறது.

அதன் பிறகு அந்த அலுவலகத்தில் நடந்தவற்றை எழுதக் கை கூசுகிறது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் முதலில் “சார் மீட்டிங்கில் இருக்கிறார்” என்றார்; பிறகு சார் சென்னையில் இருந்தார்; பிறகு ஜெர்மனியில் விடுமுறைக் காலம் என்பதால் பதில் தாமதமாகும் என்றார். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழும், பதில் வராது. ஒருவழியாக உரிமையாளர் எதிரில் உட்கார்ந்தபோது, தம்பி விசா மையத்தில் கேட்ட கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லியிருக்க மாட்டான் என்றார். ஜெர்மன் நிறுவனத்தின் மின்னஞ்சலைக் காட்டியதும், “அவர்கள் சர்வரில் ஏதோ கோளாறு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். ‘அப்பா’ என்ற அழைப்பு அன்றைக்கு ‘பெரியவரே’ ஆகிவிட்டது. அடுத்த முறை போனபோது, 11,62,000 ரூபாயை அப்படியே ‘அட்ஜஸ்ட்’ செய்து மால்டாவிலோ லாட்வியாவிலோ ஒரு தனியார் கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன் என்றார். எங்கள் பணத்தில் எங்களுக்கே சலுகை! பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பதிவின்போது கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில் ‘செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்ற பத்தியை எடுத்து நீட்டினார். அது ஆலோசனைக் கட்டணத்துக்குரிய பத்தி. 11,62,000 ரூபாய் கட்டணமே அல்ல, என் தம்பி ஓராண்டு சாப்பிடவும் வாடகை கொடுக்கவும் வைத்திருந்த தொகை. அவர் தலைக்கு மேல் சுவரில் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே காத்திருப்போர் நாற்காலிகளில் வேறு இரண்டு குடும்பங்கள் கோப்புகளுடன் உட்கார்ந்திருந்தன. அவர்களிடம் நான் பேச முற்பட்டபோது ஊழியர் ஒருவர் எங்களைப் படிக்கட்டு வரை ‘வழியனுப்பி’ வைத்தார்.

காவல் நிலையத்தில் இதைப் பணத் தகராறு என்று சொல்லி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். போலி ஆவணத்தையும் மறுப்புக் கடிதத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் புகார் பெறப்பட்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318ஆம் பிரிவு ஏமாற்றுதலுக்கும் 336ஆம் பிரிவு போலி ஆவணம் தயாரித்ததற்கும் பொருந்தும் என்கிறார் வழக்கறிஞர். தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் தனியாக மனுக் கொடுக்கிறோம்.

கடைசியில் எழுதுவதாகச் சொன்ன அறிவுரைகளை விரிவாக எழுத இப்போது மனம் ஒரு நிலையில் இல்லை. அவசரமாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிளாக்டு அக்கவுண்டை மாணவரே தன் சொந்த மின்னஞ்சலில் தொடங்க வேண்டும். அதை வழங்கும் நிறுவனங்களின் பட்டியல் ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்தில் இருக்கிறது. பணம் உங்கள் வங்கியிலிருந்து நேரே அங்கே போகட்டும், இடையில் எந்த ‘டிரேடர்ஸ்’ கணக்கும் வேண்டாம். சான்று வந்ததும், விசாவுக்குக் கொடுப்பதற்கு முன்பே அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். கடவுச்சொல்லை யாரிடமும் விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் சென்னைத் தகவல் மையத்தில் கேளுங்கள், அவர்கள் இதற்குப் பணம் வாங்குவதில்லை. இணையவழியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணில் புகார் சொல்லுங்கள். மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன். நாளைக் காலை மாநகரக் குற்றப்பிரிவுக்குப் போக வேண்டும், அதற்குள் 11,62,000 ரூபாய் போனதற்கான வங்கி அறிக்கைகளை நகலெடுத்துக் கையொப்பம் வாங்கியாக வேண்டும்.