மூணு சிலிண்டர் வண்டிக்கு நாலு ஓட்டை கேஸ்கெட்: 21,500 ரூபாய் போன கதை

போன சித்திரையில் மாமனாரோடு கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் கிளம்பினேன். காங்கேயம் காளைக்கன்று ஒன்று பிடிக்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. பல்லடத்தில் எடுத்த வண்டி காங்கேயம் தாண்டி வெள்ளகோவில் வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சந்தைக்குத் திரும்புகிற ரோட்டில்தான் மினி லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். பத்தடி நகர்வது, நிற்பது. ஏசியில் காற்று வந்தது, குளிர்ச்சி வரவில்லை. வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

"மாப்பிள்ளை, அங்க செவப்பா ஏதோ எரியுதுங்களே" என்றார் மாமனார்.

தண்ணீரில் தெர்மாமீட்டர் நிற்கிற மாதிரி இருக்குமே, அந்த விளக்கு. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது அதே படம் நீலத்தில் எரிந்தால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை. (பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் நீலத்துக்கே பட்டறைக்குப் போனவர்.) சிவப்பு அப்படி இல்லை, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று அர்த்தம். ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டேன். அதுவரைக்கும் நான் செய்தது சரி.

அப்புறம் செய்ததுதான் தப்பு. பைக்கில் வந்த ஒருவர், "பக்கத்துலயே பட்டறை இருக்குங்ண்ணா, நல்லா பாப்பாங்க" என்றார். இன்ஜின் ஆறுவதற்குக்கூடப் பொறுக்காமல் அவர் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.

பட்டறைக்காரர் பானெட்டைத் தூக்கினார், ஈரச் சாக்கு ஒன்றை ரேடியேட்டர் மூடி மேல் போட்டார், திருகினார். இன்ஜினை ஆற்றுகிற கூலண்ட் புஸ்ஸென்று பொங்கி ஒரு முழ உயரத்துக்கு அடித்தது. மாமனார் ரெண்டடி பின்னால் போய்விட்டார். "பாத்தீங்களா, எப்படிக் கொப்பளிக்குது? ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க. இப்படியே ஓட்டினா இன்ஜின் சீஸ் ஆயி இறுகி நின்னுரும்." இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கிற தகடுதான் இந்தக் கேஸ்கெட், சிலிண்டருக்கு ஒன்றாகப் பெரிய ஓட்டைகள் இருக்கும்.

நம்பிவிட்டேன். கண்ணால் பார்த்த பிறகு நம்பாமல் என்ன செய்வது?

பின்னால்தான் புரிந்தது. குக்கரில் ஆவி அடங்கும் முன்னே மூடியைத் திறந்தால் சாம்பார் சுவருக்குப் போகும், அதற்காகக் குக்கர் கெட்டுவிட்டது என்று யாராவது சொல்வார்களா? தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் 120 தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் புது வண்டியும் பொங்கத்தான் செய்யும். முகத்துக்கு நேரே அடித்திருந்தால் தோல் உரிந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் வண்டி கைக்கு வந்தது. துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்: கேஸ்கெட் செட் 4,800, ஹெட் பேசிங் (ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாக இழைப்பது) 3,500, கூலண்ட் 1,600, ஆயில், பில்டர் 2,600, லேபர் 9,000. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. ஜிபேயில் அனுப்பினேன். பழைய பாகத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எங்கோ கேட்டிருந்ததால் கேட்டேன். முகம் கொஞ்சம் மாறியது, ஆனாலும் உள்ளே போய்ப் பேப்பரில் சுற்றி ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். பிரித்துப் பார்க்காமல் டிக்கியில் போட்டேன்.

ஆறாம் நாள், பல்லடம் நால்ரோடு சிக்னலில் நிற்கும்போது அதே சிவப்பு விளக்கு.

இந்தத் தடவை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்தேன். மச்சானைக் கூப்பிட்டேன். அவர் சாயப்பட்டறையில் எலக்ட்ரீஷியன், கார் மெக்கானிக் இல்லை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஓடும்போது எரியுதா, நிக்கும்போதா?"

நிற்கும்போது மட்டும்தான். வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், நின்றால் ஃபேன்தான் கதி என்றார். ஏசியைப் போடச் சொன்னார். போட்டால் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து சுற்ற வேண்டுமாம். சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கப் படத்தைப் பார்த்து ஹார்ன் ரிலேயைப் பிடுங்கினார். (ரிலே என்பது கரண்டை விட்டு நிறுத்துகிற சின்ன சுவிட்ச்.) என் வண்டியில் அதுவும் ஃபேன் ரிலேயும் ஒரே எண். மாற்றிச் செருகியதும் ஃபேன் விர்ரென்று சுற்றியது. ஹார்ன் ஊமையானது. புது ரிலே 220 ரூபாய்.

சரி, கேஸ்கெட்? அது போயிருந்தால் தெரிகிற அடையாளங்களை இன்ஜின் ஆறிய பிறகு பார்த்தோம். ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளைப் படிவு இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினால் குமிழி வரவில்லை. சைலன்சரில் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை இல்லை. "மாத்தினதால நல்லா இருக்குதோ என்னமோ" என்றேன், கொடுத்த காசுக்கு ஒரு நியாயம் வேண்டுமே. மச்சான் டார்ச்சை ஹெட் கவர் மேல் அடித்தார். போல்ட்டுத் தலைகளில் புழுதியும் எண்ணெயும் கெட்டிப்பட்டு அப்பியிருந்தது. ஸ்பேனர் பட்ட தடம் ஒன்றில்கூட இல்லை. ஹெட்டைக் கழற்றாமல் கேஸ்கெட் மாற்ற முடியாது, லேத்துக்கு அனுப்பிப் பேசிங் பண்ணவும் முடியாது. 1,600 ரூபாய்க் கூலண்டை விரலில் தொட்டுப் பார்த்தார், வழவழப்பே இல்லை. ஏதோ ஒரு போர்வெல் தண்ணீர். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் சொம்பிலேயே எப்படிப் படியும் என்று தெரியும், ரேடியேட்டருக்குள் சொல்ல வேண்டாம். அன்றைக்கே அதை வடித்துவிட்டுப் புதுக் கூலண்ட் ஊற்றினோம்.

டிக்கியில் இருந்த பொட்டலம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிரித்தார். கேஸ்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"உங்க வண்டிக்கு எத்தனை சிலிண்டர்?"

"மூணு."

"இதுல எண்ணிப் பாருங்க."

நாலு பெரிய ஓட்டைகள். வேறு ஏதோ வண்டியிலிருந்து கழற்றியது.

பட்டறைக்காரருக்குப் போன் பண்ணினால், "அது வேற பிராப்ளம் சார், கொண்டு வாங்க பாத்துக்கலாம்" என்றார். பட்டறையில் அண்ணனாக இருந்தவன் போனில் சார் ஆகிவிட்டேன். கேஸ்கெட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகு அதுவும் இல்லை, எடுப்பதே இல்லை.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக ரெண்டு வருசம் அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் கிடையாது. முறையான பில் இல்லாததுதான் என் பலவீனம். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, புழுதி பிடித்த போல்ட்டுகளின் படம் எல்லாம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு நேரில் போகிறோம். கேஸ்கெட்டை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் மச்சான். மாமனாரும் வருகிறேன் என்கிறார், அவருக்கு இன்னும் கன்று வாங்க முடியாத கோபம்.