சிம்பொனி கேட்கத் தொடங்குவோருக்கு: பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் டிஜிட்டல் கான்சர்ட் ஹால்

2025 மார்ச் 8 அன்று லண்டனின் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறிய பிறகு, இவ்வகை இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று நண்பர்கள் சிலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இணையவழியே நடத்தும் ‘டிஜிட்டல் கான்சர்ட் ஹால்’ என்னும் கட்டணச் சேவையைத்தான். ஒரு குரலையும் அதற்குத் துணைசெய்யும் வயலினையும் மிருதங்கத்தையும் தனித்தனியே பின்தொடர்ந்து பழகிய காதுக்கு, எண்பது பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளை வாசிப்பது தொடக்கத்தில் திரண்ட ஓசையாக மட்டுமே கேட்கும். எந்த ஒலி எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தால், அந்தத் திரள் விரைவில் பிரிந்துவிடுகிறது. இச்சேவையின் பெரும்பயன் அதில் இருக்கிறது.

1882இல் தொடங்கப்பட்ட இக்குழு, ஹான்ஸ் ஷாரூன் வடிவமைத்து 1963இல் திறக்கப்பட்ட ஃபில்ஹார்மனி அரங்கில் வாசிக்கிறது. மேடையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்கைகள் அடுக்கடுக்காக எழும் அரங்கு அது. தொலைவிலிருந்து இயக்கப்படும் கேமராக்கள், குழுவைக் கையசைவால் வழிநடத்தும் நடத்துநரின் முகத்தை நேராகக் காட்டுவதால், பார்வையாளருக்கு வழக்கமாக முதுகை மட்டுமே காட்டும் ஒருவர், அடுத்து நுழையவேண்டிய கலைஞரைக் கண்ணால் எப்படி அழைக்கிறார் என்பது தெளிவாகத் தெரிகிறது. 2008இன் இறுதியில் தொடங்கிய இச்சேவையில் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ நாற்பது கச்சேரிகள் நேரலையாக வருகின்றன; பிறகு அவை காப்பகத்தில் சேர்கின்றன. 2019 முதல் தலைமை நடத்துநராக இருக்கும் கிரில் பெட்ரென்கோவின் கச்சேரிகளோடு, முன்னாள் தலைமை நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் கராயன் காலத்துப் பழைய கச்சேரிப் படங்களும் அங்கே உள்ளன. கராயன் கண்களை மூடியபடியே நடத்துபவர் என்பதால், நடத்துநரின் பணியைப் புரிந்துகொள்ள விரும்புவோர் அவரிடமிருந்து தொடங்க வேண்டாம் என்பேன்.

தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றவை, பெட்ரென்கோவுக்கு முன் தலைமை நடத்துநராக இருந்த சைமன் ராட்டில் 2015 அக்டோபரில் நடத்திய பீத்தோவன் சிம்பொனிகள் ஒன்பதும். அவற்றிலும் முதலில் ஆறாவதைப் பார்க்கலாம். அதன் இரண்டாம் பகுதி முடியும் இடத்தில் புல்லாங்குழல் நைட்டிங்கேலாகவும், ஓபோ காடையாகவும், இரண்டு கிளாரினெட்டுகள் குக்கூ குயிலாகவும் கூவுகின்றன. பறவைகளின் பெயர்களைப் பீத்தோவனே இசைப்பிரதியில் எழுதிவைத்திருக்கிறார். மரக்காற்றுக் கருவிகள் மூன்றின் குரல்வேறுபாட்டை ஒரே நிமிடத்துக்குள் இவ்வளவு தெளிவாக உணர்த்தும் இன்னோர் இடத்தை நான் அறியேன். டிம்பனி என்னும் பெருமுரசின் முழக்கம் அந்தச் சிம்பொனியில் நான்காம் பகுதியாகிய புயலில் மட்டுமே ஒலிக்கிறது. அதுவரை அக்கலைஞர் கைகட்டி அமர்ந்திருக்கிறார்.

இதே காத்திருப்பு ஐந்தாம் சிம்பொனியில் இன்னும் நுட்பமாக அமைந்துள்ளது. இரண்டு சிம்பொனிகளும் 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் ஒரே கச்சேரியில் அரங்கேறியவை. ஐந்தாவதில் மூன்று டிராம்போன்களும் (பித்தளைக் காற்றுக்கருவி), பிக்கலோவும் (சிறு புல்லாங்குழல்), கான்ட்ராபசூனும் (மிகத் தாழ்ந்த ஒலி தரும் மரக்காற்றுக் கருவி) முதல் மூன்று பகுதிகளில் ஒரு சுரம்கூட வாசிப்பதில்லை. மூன்றாம் பகுதியின் முடிவில் தந்திக் கருவிகள் ஏறக்குறைய அடங்கிவிட, டிம்பனி மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து இடைவெளியே இல்லாமல் இசை பெருகி நான்காம் பகுதியாக வெடிக்கும்போது அந்த ஐந்து கருவிகளும் முதன்முறையாக நுழைகின்றன. ஒலிப்பதிவில் மட்டும் கேட்பவர் அங்கே சத்தம் கூடியதாக உணரக்கூடும். கருவிகள் உயர்வதைப் பார்க்கும்போதோ, சத்தத்தோடு ஒலியின் நிறமும் மாறியிருப்பது புரிகிறது.

எனினும் கேமராவை முழுமையாக நம்பிவிடக் கூடாது. எந்தக் கச்சேரிப் படமும் பெரும்பாலும் முதன்மை மெட்டை வாசிப்பவரையே தேடிச் செல்கிறது. ஓபோவின் மெட்டு அழகாக ஒலிக்கும்போது அதன் அடியில் வயலின் குடும்பத்து வியோலாக்களும் செல்லோக்களும் செய்துகொண்டிருப்பது திரைக்கு வெளியே போய்விடுகிறது. உண்மையில் சிம்பொனியின் கட்டுமானம் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் நடக்கிறது. ஆகவே ஒரு படைப்பை முதல்முறை பார்த்துக் கேட்டபின், இரண்டாம்முறை திரையை அணைத்துவிட்டு, மிகத் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் தந்திக் கருவிகளான டபுள் பேஸ்களின் வரியை மட்டும் தொடர்ந்து கேட்பதாக வைத்துக்கொள்வது நல்லது. கைபேசியின் ஒலிபெருக்கியில் அந்த வரி கேட்கவே கேட்காது. நல்ல ஹெட்ஃபோன் இல்லாமல் இச்சேவைக்குப் பணம் கட்டுவதில் பொருளில்லை.

இக்குழுவில் ஹார்ன் என்னும் பித்தளைக் காற்றுக்கருவியை வாசிக்கும் சாரா வில்லிஸ் உள்ளிட்டோர் எடுத்திருக்கும் நேர்காணல்கள் சுவையானவை. ஆனால் அவை நடத்துநரின் அணுகுமுறையைப் பற்றிப் பேசுபவை. அடிப்படை அறியாதவரை மனத்தில் கொண்டவை அல்ல. தமிழில் விளக்கம் எதுவும் கிடையாது, ஆங்கிலம் போதுமானவருக்கு அது தடையாகாது. நேரலை விஷயத்தில் நமக்கு நேரம் ஒத்துவராது: பெர்லினில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் கச்சேரி இங்கே கோடையில் 11.30க்கும் குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30க்கும் தொடங்கும். காப்பகம் இருக்கும்போது இது பெரிய குறையில்லை.

ஒரு வாரம், ஒரு மாதம், ஓராண்டு எனச் சந்தாக்கள் உள்ளன, கட்டணம் யூரோவில். புதியவர் ஓராண்டுச் சந்தாவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. ஒரு வாரச் சந்தாவை எடுத்து, மேற்சொன்ன இரண்டு சிம்பொனிகளை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் போதும். ஆயிரம் படங்கள் இருக்கின்றனவே என்று ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் பார்ப்பவருக்கு இச்சேவை ஒன்றும் கற்றுத்தராது.