பத்தாம் வகுப்புக்குப் பின் அரசுப் பள்ளியா, தனியார் விடுதிப் பள்ளியா: பென்னாகரம் வட்டாரப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றில் உள்ளூர்ப் படிப்பு அரசு உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதன்பின் பேருந்தில் போய்வரும் தொலைவிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியா, கடன் வாங்கியாவது சேர்க்கும் தனியார் விடுதிப் பள்ளியா என்ற கேள்வி எழுகிறது.

விடுதிப் பள்ளியில் எல்லாப் பாடங்களுக்கும் ஆசிரியர் இருப்பார், இரவுப் படிப்பும் தவறாது. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்யவைக்கும் வழக்கம் பல தனியார் பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு அதுவே முக்கியக் காரணம்; அந்தத் தேர்வு 2025-26இல் கைவிடப்பட்டது.

பெற்றோர் பலர் கவனிக்கத் தவறுவது வேறொன்று. 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்து, 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றுக்கும் விரிந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியது. பொறியியலில் அவ்வழியே இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. பதினொன்றில் அரசு உதவி பெறாத சுயநிதித் தனியார் பள்ளிக்கு மாறினால் இந்த உரிமையும், உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கான புதுமைப் பெண், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் கைவிட்டுப் போகும்.

அரசுப் பள்ளியின் குறையையும் மறைப்பதற்கில்லை. இயற்பியலுக்கோ கணிதத்துக்கோ முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்து, பெற்றோர் ஆசிரியர் கழகம் அமர்த்தும் தற்காலிக ஆசிரியரை நம்பியிருக்கும் பள்ளியில் முதல் குரூப் எடுக்கும் பிள்ளை ஓராண்டையே இழக்க நேரும். ஆகவே சேர்க்கைக்கு முன்பே, எந்தெந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறார், செய்முறை வகுப்பு உண்மையிலேயே நடக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் நேரில் கேட்பது பெற்றோரின் கடமை.

பெண் பிள்ளைகளுக்குப் பேருந்துதான் பெருந்தடை. மாலைச் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து கிளம்பிவிட்டால் படிப்பு நிற்கிறது. நின்ற சில மாதங்களில், பதினெட்டு வயது நிரம்பும் முன்பே, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இதற்காகத் தனியார் விடுதியை நாட வேண்டியதில்லை. ஆதிதிராவிடர் நலத் துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையும் நடத்தும் இலவச மாணவியர் விடுதிகள் உள்ளன.

பாட ஆசிரியர் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியும் அரசு விடுதியும் சேர்ந்ததையே நான் பரிந்துரைப்பேன். அருகிலுள்ள பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றால், ஒரு வட்டாரம் தள்ளியுள்ள அரசுப் பள்ளியில் சேர்ப்பதே மேல். அதே வேளையில், காலிப் பணியிடத்தை நிரப்பவும் பேருந்து நேரத்தை மாற்றவும் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்க வேண்டும்.