மூன்று பீப் என்றால் ராம்: ஏ.எம்.ஐ. பயாஸுடன் என் முப்பது ஆண்டுகள்

திருச்சியில் 1994-ல் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் முதலில் கற்றுக்கொண்டது சால்டரிங் இல்லை, பீப் எண்ணுவது. கறுப்பாகக் கிடக்கும் மானிட்டரையே நான் பார்த்துக்கொண்டிருந்தால், வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் சொல்வார்: "ஸ்கிரீனப் பாக்காத தம்பி, காதக் குடு."

கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடி, பாகங்களைச் சோதித்து எழுப்பும் அடிப்படை நிரல்தான் பயாஸ். அங்கே வந்த 386, 486 மெஷின்களில் பாதிக்கு மேல் ஏ.எம்.ஐ. என்ற கம்பெனியின் பயாஸ்தான். மூன்று பீப் அடித்தால் முதல் 64 கேபி நினைவகத்தில் கோளாறு. ராமைக் கழற்றி, அதன் தங்கநிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவோம், பெரும்பாலும் சரியாகிவிடும். எட்டு என்றால் டிஸ்ப்ளே கார்டு. ஆறு என்றால் கீபோர்டு கன்ட்ரோலர் பக்கம் பார்க்க வேண்டும். அந்த நினைவகம் தேறாமல் பயாஸால் திரையில் ஓர் எழுத்துகூடக் காட்ட முடியாது. அதற்கிருந்த ஒரே வாய் அந்தச் சின்ன ஸ்பீக்கர்தான்.

திரை வந்துவிட்டால் நினைவகம் எண்ணும் 'டிக் டிக்' சத்தம் கேட்கும், செட்டப் (பயாஸ் அமைப்புகளை மாற்றும் திரை) வேண்டுமானால் டெல் (Delete) பொத்தானை அழுத்து என்று ஒரு வரி வரும். கீழே இடது மூலையில் நீளமாக ஓர் எண் வரிசை. பலர் அதைக் கவனிப்பதில்லை. அதில் பயாஸின் தேதியும், மதர்போர்டு செய்த கம்பெனியின் குறியீடும், சிப்செட்டும் இருக்கும். பெயரே அச்சிடாத தைவான் போர்டுகள் குவிந்த காலத்தில், அது யாருடைய போர்டு என்று கண்டுபிடிக்க அந்த எண்தான் வழி. அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தேன்.

இந்த ஏ.எம்.ஐ.யின் விரிவு அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ். 1985-ல் சுப்ரமணியன் சங்கர், பாட் சர்மா என்ற இருவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம். சென்னையிலும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு. தொடக்கத்தில் மதர்போர்டுதான் விற்றார்கள். முதல் வாடிக்கையாளர் பிசிஸ் லிமிடெட், பின்னாளில் டெல் ஆன அதே கம்பெனி. 1986-ல் பயாஸ் வந்தது.

அந்தக் காலத்தில் பயாஸ் எழுதுவது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், 1981-ல் ஐபிஎம் விட்ட பிசியின் பாகங்கள் ஏறக்குறைய எல்லாமே கடையில் கிடைத்தன. பயாஸ் மட்டும் ஐபிஎம்மின் பதிப்புரிமையில் இருந்தது. அதை நகலெடுக்காமல், அதே வேலையைச் செய்யும் நிரலைப் புதிதாக எழுதியவர்கள் வந்த பிறகுதான் மலிவு விலை கணினி சாத்தியமானது. தொடக்கத்தில் காம்பேக் போன்றவர்கள், பிறகு பீனிக்ஸ், அவார்டு, ஏ.எம்.ஐ. நான் படித்ததும் பிழைத்ததும் அந்த மலிவு மெஷின்களால்தான். அதனால் இந்தப் பெயர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே நன்றி உண்டு.

90-களில் மவுஸால் இயக்கும் வின்பயாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பார்க்க அழகுதான், ஆனால் எனக்கு ஒட்டவில்லை. அம்புக்குறிப் பொத்தானே வேகம். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு கார்டுகளும் செய்தார்கள். அந்தப் பிரிவை 2001-ல் எல்எஸ்ஐ லாஜிக்கிற்கு விற்றாலும், மெகாரெய்டு என்ற பெயர் இன்றும் சர்வர்களில் இருக்கிறது.

ஏ.எம்.ஐ. மேல் என் நம்பிக்கையை உறுதிப்படுத்தியது 2003-ல் நடந்த ஒரு சம்பவம். ஒரு வாடிக்கையாளரின் போர்டுக்கு பயாஸ் அப்டேட் ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் பேட்டரியும் தாங்கவில்லை. திரும்ப ஆன் செய்தால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது. என் ஒரு மாதச் சம்பளம் போச்சு என்று நினைத்தேன். சிப்பில் பூட் பிளாக் என்றொரு சிறு பகுதி அழியாமல் இருக்கும் என்று படித்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பயாஸ் கோப்புக்கு அமிபூட்.ரோம் (AMIBOOT.ROM) என்று பெயர் மாற்றி ஃபிளாப்பியில் போட்டு, கன்ட்ரோலையும் ஹோமையும் சேர்த்துப் பிடித்தபடி ஆன் செய்தேன். ஃபிளாப்பி டிரைவின் விளக்கு எரிந்தது. மூன்று நான்கு நிமிடம் மூச்சு விடாமல் நின்றேன். போர்டு உயிரோடு வந்தது.

இப்போது இருப்பது ஆப்டியோ என்ற அவர்களுடைய யூஇஎஃப்ஐ, பழைய பயாஸின் இடத்துக்கு வந்த புது முறை. பழைய முறையில் 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுதாகப் பயன்படுத்தி அதிலிருந்தே பூட் செய்ய முடியாது, இதில் அந்தத் தொல்லை இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டிலும் அலுவலகத்திலும் ஓடுகிறது, தினசரி வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில். ஏ.எம்.ஐ. தருவது அடிப்படை நிரல். அதைத் தன் போர்டுக்கேற்ப மாற்றி நம் கையில் கொடுப்பது போர்டு கம்பெனி. ஏ.எம்.ஐ. ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தாலும் போர்டு கம்பெனி அதை வெளியிட்டால்தான் நமக்கு வரும். நான் வாங்கிய ஒரு போர்டுக்கு இரண்டே ஆண்டில் அப்டேட் நின்றுவிட்டது, கேட்டு எழுதியதற்குப் பதிலும் இல்லை. 2024-ல் வெளிவந்த பிகேஃபெயில் விவகாரத்தின் வேரும் இதுதான். பூட் ஆகும் நிரல் நம்பத்தக்கதா என்று சரிபார்க்க ஒரு டிஜிட்டல் சாவி உண்டு; நம்பாதே என்று பெயரிலேயே எழுதி ஏ.எம்.ஐ. கொடுத்த சோதனைச் சாவியை மாற்றாமல், நூற்றுக்கணக்கான மாடல்களைச் சந்தைக்கு அனுப்பியிருந்தார்கள். செய்தி வந்த அன்றே என் இரண்டு கணினிகளிலும் பார்த்தேன், நல்லவேளை அந்தச் சாவி இல்லை.

ஆனால் 2025 மார்ச்சில் சர்வர்களைத் தொலைவிலிருந்து இயக்கும் மெகாராக் என்ற ஏ.எம்.ஐ. நிரலில் வெளிப்பட்ட ஓட்டை அவர்களுடையதேதான். கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழையலாம் என்பதால் தீவிரம் 10-க்கு 10. திருத்தம் உடனே தந்தார்கள், ஆனால் அதுவும் சர்வர் கம்பெனிகள் வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே போர்டு வாங்குவோர், அதே கம்பெனியின் ஐந்தாண்டுக்கு முந்தைய மாடலுக்கு இன்னும் பயாஸ் அப்டேட் வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் ராம் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று, இன்றைய கேபினெட்டுகளில் ஸ்பீக்கரே வருவதில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி புதிதாகக் கட்டிய மெஷினில் திரை வரவில்லை. என் பழைய ஸ்பீக்கரைக் கொண்டுபோய் போர்டில் மாட்டினேன். பீப் வந்தது. பழைய பட்டியல் இப்போது அப்படியே பொருந்தாது, இருந்தாலும் பீப் வந்தால் பிராசஸர் வேலை செய்கிறது என்று தெரியும். ராமைக் கழற்றி அழுத்தி மாட்டச் சொன்னேன். டெல் பொத்தானைத் தட்டினான், செட்டப் திறந்தது. ஸ்பீக்கரை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன்.