"ரெண்டும் சீனிக்குத்தான்" என்று மாற்றிக் கொடுத்த மாத்திரை

ஹட்டன் டவுன் பாமசிகளில் மருந்து வாங்குகிறவர்கள், முக்கியமாகத் தோட்டத்திலிருந்து வந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள், இதை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

அம்மாவுக்கு 67 வயது. காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் கிளினிக் போகிறார். மெட்ஃபோமின் 500, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. போன மாதம் கிளினிக்கில் அது முடிந்துவிட்டதாம், வெளியில் வாங்கத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். தம்பி போனான். சம்பளம் போட்ட மறுநாள், கடையில் நல்ல சனம். கவுண்டரில் நின்ற பையன் துண்டைப் பார்த்துவிட்டு, "அது இல்ல, இது இருக்கு, ரெண்டும் சீனிக்குத்தான்" என்று சொல்லி அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்தான். உறையின் மேல் நீலப் பேனையால் 1 × 2. அவ்வளவுதான். அம்மாவின் பெயர் இல்லை, மருந்தின் பெயர் இல்லை. காலாவதித் திகதி இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. பில்லும் இல்லை.

அம்மா அன்றைக்கே கேட்டார். "பழைய மாத்திரை தொண்டையில நிக்கிற மாதிரி பெருசா இருக்கும். இது என்ன, பொட்டு மாதிரி இருக்கு?" நான்தான் "வேற கம்பனியா இருக்கும், போடுங்கம்மா" என்றேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மூன்றாம் நாள் விடியப்புறம் நாலரை மணி. அடுப்படிக்குப் போன அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் குளிரிலும் சட்டை நனைய வியர்வை. கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து, செத்துப்போன பெரியம்மாவின் பெயரைச் சொல்கிறார். பக்கத்துக் காம்பரா அக்காவிடம் சீனி பார்க்கும் மெஷின் இருந்தது. குத்திப் பார்த்தால் 46. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. நல்ல வேளை, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தார். மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் ஆள் தெளிந்துவிட்டார். சரி, தப்பித்தோம் என்று நாங்கள் நினைக்க, அக்காதான் விடாமல் 1990க்குக் கோல் எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

அவர் கூப்பிட்டது எவ்வளவு நல்லது என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அட்டை ஓரத்தில் வெட்டுப்பட்டு மிஞ்சியிருந்த எழுத்துகளை வைத்து அது க்ளிபென்கிளமைட் என்று டொக்டர் கண்டுபிடித்தார். மெட்ஃபோமினைத் தனியாக எடுத்தால் சீனி இப்படி இறங்குவது அபூர்வம். இது வேறு வகை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பை இன்சுலின் சுரக்க வைக்கும். வயதானவர்களின் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும், அதனால் தேத்தண்ணி குடித்துத் தெளிந்தாலும் திரும்ப இறங்கலாம். அன்று மத்தியானம் இறங்கவும் செய்தது. சேலைன் ஏற்றி இரண்டு நாள் வைத்திருந்தார்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த மருந்து பொருத்தமில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே சொல்கிறது. ஒரே மருந்தை வேறு கம்பனிப் பெயரில் தருவது வேறு, மருந்தையே மாற்றித் தருவது வேறு. டொக்டரைக் கேட்காமல் இரண்டாவதைச் செய்யக் கூடாது.

அப்புறம் கடைக்குப் போனோம். சுவரில் மருந்தாளரின் சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. ஆள் எங்கே என்றால், "மிஸ் இன்னைக்கு லீவு". தம்பி மருந்து வாங்கிய அன்றைக்கும் லீவுதானாம். பதிவு பெற்ற மருந்தாளர் கடையில் இருந்து பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். முதலாளி கோபப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். "பையன் தெரியாம குடுத்துட்டான், சல்லியத் திருப்பித் தாரேன்" என்றார். சல்லியா இப்போது பிரச்சினை?

இப்போதெல்லாம் தம்பி, "மருந்தாளர் யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் துண்டை நீட்டுகிறான். உறையில் மருந்தின் பெயரை எழுத வைக்கிறான், எப்படிப் போட வேண்டும் என்பதைத் தமிழில். அட்டையை வெட்டினால் பெயரும் திகதியும் உள்ள பக்கத்தைப் போனில் படம் பிடிக்கிறான். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள்தான்.

பில்லையும் விடாதீர்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் இருக்கிறது. அந்த அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. பாமசிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் எங்களிடம் முதலில் கேட்டதே "பில் இருக்கா?" என்றுதான். உறையை எடுத்துக் காட்டினோம். அதில் கடையின் பெயர்கூட இல்லை.